பதிவேடும் பட்டியலும் – இங்கிலாந்துக்கு நர்ஸ் படிக்கப் போன பெண்களின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். 1990-களில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். இப்போது அவர் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "சார், பாப்பாவை வெளிநாட்டுக்கு நர்ஸ் படிக்க அனுப்பலாம்னு இருக்கேன். ஒரு கன்சல்டன்சியில ஒன்றரை வருஷப் படிப்பு சொல்றாங்க. முடிச்சதும் அங்கேயே வேலை, அப்புறம் அங்கேயே குடியுரிமைன்னு சொல்றாங்க. நிலத்தை அடமானம் வச்சாப் பணம் புரட்டிடலாம். நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பெரியப்பா மகள், நான் பெரியக்கா என்று கூப்பிடும் அக்காவின் ஞாபகம்தான் வந்தது. "ரெண்டு நாள் பொறுப்பா, எழுதிப் போடுறேன்" என்று சொல்லி வைத்தேன். அவருக்கு மட்டும் எழுதுவதைவிட எல்லோருக்குமாக எழுதுவது நல்லது என்று தோன்றியது. உங்களில் பலருக்கு இப்போது பிளஸ் டூ வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலில் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வாத்தியார், அந்தப் பழக்கம் போகாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, 1948 ஜூலை 5-ம் தேதி இங்கிலாந்தில் எல்லா மக்களுக்கும் இலவச மருத்துவம் என்ற திட்டம் தொடங்கியது. என்.எச்.எஸ். என்று இன்றும் சொல்கிறார்களே, அதுதான். திட்டம் பெரியது, கையில் ஆள் இல்லை. நர்சுகளுக்கு மட்டும் பல்லாயிரம் இடங்கள் காலி. உள்நாட்டுப் பெண்களுக்கு அலுவலகத்திலும் கடையிலும் இதைவிட நல்ல சம்பளம் கிடைத்தது. மூன்று ஷிப்டு, ராத்திரி டூட்டி, விடுதியில் கட்டுப்பாடு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வர ஆள் குறைவு.

அதனால் இங்கிலாந்து தன் காலனி நாடுகளின் பக்கம் திரும்பியது. அயர்லாந்துப் பெண்கள் ஏற்கெனவே கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அங்கே பல மருத்துவமனைகளில் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டும், இங்கிலாந்தில் பயிற்சிக் காலத்திலேயே படிப்பணம் கொடுத்தார்கள். காரணம் அவ்வளவு எளியது. பிறகு பார்படோஸ், ஜமைக்கா, கயானா, நைஜீரியா, மொரீஷியஸ், மலேயா என்று வரிசை நீண்டது. 1950-களின் நடுவிலேயே பல காலனிகளில் இதற்காக ஆள் தேர்வு செய்யும் ஏற்பாடு இருந்தது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பெண்கள் 'மாணவிகள்' என்ற பெயரில்தான் போனார்கள். ஆனால் அன்றைய நர்ஸ் பயிற்சி கல்லூரியில் நடந்தது அல்ல, மருத்துவமனை வார்டில் நடந்தது. சில வாரம் வகுப்பு, மற்ற நாளெல்லாம் வேலை. மாணவிதான் ஊழியர், ஊழியர்தான் மாணவி. மாணவிகள் ஒருநாள் வராவிட்டால் வார்டு நடக்காது. (நம் வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையில் நர்சிங்குக்குப் பட்டப்படிப்பே 1946-ல் வந்துவிட்டது. பிரிட்டனில் முதன்முதலாக எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1960-ல்தான் வந்தது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.)

இப்போது இந்தப் பதிவின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் நர்ஸ் என்றால் ஒரே நர்ஸ் இல்லை, இரண்டு வகை இருந்தார்கள்.

ஒன்று எஸ்.ஆர்.என். மூன்று வருடப் பயிற்சி. 1919-ல் வந்த சட்டப்படி அரசாங்கத்தின் பதிவேட்டில் பெயர் ஏறும். சிஸ்டர், மேட்ரன் என்று மேலே போகலாம். மற்ற நாடுகளிலும் மதிப்பு உண்டு.

இன்னொன்று எஸ்.இ.என். இரண்டு வருடப் பயிற்சி. போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறைக்காக 1943-ல் சட்டம் போட்டு 'உதவி நர்ஸ்' என்று ஒரு தனிப் பட்டியல் வைத்தார்கள். 1961-ல் அதன் பெயரை மட்டும் அழகாக மாற்றினார்கள். அதில் இருப்பவர் வாழ்நாள் முழுக்க வார்டில் உழைக்கலாம், சிஸ்டர் ஆக முடியாது. பல நாடுகளில் அந்தச் சான்றிதழை முழு நர்ஸ் சான்றிதழாக ஏற்கவில்லை.

ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 'ரிஜிஸ்டர்', மற்றதற்கு 'ரோல்'. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்து ரோல் நம்பர் கூப்பிட்ட எனக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு வாழ்க்கையே இருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களில் மிகப் பலரை இந்த இரண்டாவது வகையில்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முதல் வகைக்குத் தகுந்த படிப்பு இருந்தவர்களையும் சேர்த்தார்கள். அதுவும் உள்ளூர்ப் பெண்கள் வர விரும்பாத மனநல மருத்துவமனைகளிலும், முதியோர் வார்டுகளிலும், லண்டனுக்குத் தள்ளியிருந்த ஊர்களிலும் அதிகம். நாம் போவது எந்த வகை என்பதே பலருக்குக் கப்பல் ஏறும்போது தெரியாது.

சான்றிதழின் வலு என்ன என்று காட்ட ஒரு பெயர் சொல்கிறேன். நைஜீரியாவைச் சேர்ந்த கோஃபோவொரோலா பிராட் 1946-ல் லண்டனுக்குப் போய், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-ல் தொடங்கிய பள்ளியிலேயே எஸ்.ஆர்.என். படித்தார். 1950-களில் நாடு திரும்பி, இபாதான் பல்கலைக்கழக மருத்துவமனையின் முதல் நைஜீரிய மேட்ரன் ஆனார். பிறகு அந்த நாட்டின் தலைமை நர்சிங் அதிகாரியாகவும் உயர்ந்தார். கயானாவிலிருந்து போன டாஃப்னி ஸ்டீல் அங்கேயே தங்கி, 1964-ல் யார்க்ஷயரில் இல்க்லி என்ற ஊரில் மேட்ரன் ஆனார். கறுப்பினப் பெண் ஒருவர் என்.எச்.எஸ். மருத்துவமனையில் மேட்ரன் ஆனது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்தவரும் உயர்ந்தார், தங்கியவரும் உயர்ந்தார். இருவர் பெயரும் பதிவேட்டில் இருந்தது.

இனி என் பெரியக்கா கதை.

பெரியப்பா சின்ன வயதிலேயே மலேயாவுக்குப் போய் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1969 கலவரத்துக்குப் பிறகு அங்கே குடியுரிமை இல்லாத, சிவப்பு ஐ.சி. வைத்திருந்த நம் ஆட்களுக்கு வேலை பர்மிட் தொல்லை. பெரியப்பாவும் சிவப்பு ஐ.சி.தான். ஆனால் அக்கா அங்கே பிறந்தவர், குடியுரிமை இருந்தது, ஃபார்ம் ஃபைவ் வரை இங்கிலீஷில் படித்து நல்ல மார்க்கும் வாங்கியிருந்தார். அந்த நாளில் மலேசியாவில் தமிழ்ப் பெண்கள், சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள் என்று பலரும் இங்கிலாந்து மருத்துவமனைகளுக்குத் தாமே கடிதம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவும் எழுதினார். வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து 'நர்சிங் பயிற்சிக்கு இடம் இருக்கிறது' என்று பதில் வந்தது. பெரியம்மாவின் சங்கிலியை விற்று விமான டிக்கெட் எடுத்தார்கள். 1973 செப்டம்பரில் அக்கா போய் இறங்கினார். வயது 19.

அந்த வருடம் ஜனவரியில்தான் இங்கிலாந்தின் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. 1962-க்கு முன் காமன்வெல்த் நாட்டவர் யாரும் தடையில்லாமல் போய் இருக்கலாம். அந்தக் கதவை முதலில் 1962-ல் பாதி சாத்தினார்கள், 1973-ல் கிட்டத்தட்ட முழுதும் சாத்தினார்கள். இனாக் பவல் என்ற அரசியல்வாதி 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சர். அவர் காலத்திலும் வெளிநாட்டு நர்சுகள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அதே மனிதர் 1968-ல் பர்மிங்காமில் வெளிநாட்டவர் வருகையை எதிர்த்துப் பேசிய பேச்சு பெயர்போனது. வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் பக்கத்து வீட்டில் குடியிருக்கக் கூடாது. எல்லா நாட்டிலும், நம் ஊரிலும், இந்தப் புத்தி உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அக்காவுக்கு மாணவி விசா. வருடா வருடம் முத்திரை வாங்க வேண்டும். முதியோர் வார்டில் வேலை. படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். கழுவுவது, ஊட்டுவது, இறந்துபோனால் துடைத்துச் சுற்றி வைப்பது. சம்பளத்தில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போக மிச்சத்தில் தோட்டத்துக்கு மணி ஆர்டர். இரண்டு தம்பிகள் அந்தப் பணத்தில்தான் படித்தார்கள்.

1975-ல் பயிற்சி முடிந்தது. எஸ்.இ.என். அக்கா எல்லோரையும் போல 'நர்ஸ் ஆகிவிட்டேன்' என்றுதான் ஏரோகிராமில் எழுதினார். பெரியப்பா அதை எங்கள் ஊர் வரை அனுப்பிவைத்தார்.

அக்காவின் எண்ணம் மலேசியாவுக்குத் திரும்பி அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்சாகச் சேர்வது. விண்ணப்பம் போட்டார். இந்தச் சான்றிதழுக்கு ஸ்டாஃப் நர்ஸ் வேலை கிடையாது, துணை நர்ஸ் நிலையில்தான் எடுக்க முடியும் என்று பதில் வந்தது. சீமைக்குப் போய் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்து, ஊரிலேயே படித்த தோழிகளுக்குக் கீழே நிற்பதா? அக்கா அந்தக் கடிதத்தைப் பற்றி யாருக்கும் எழுதவில்லை. 'இங்கேயே வேலை நல்லா இருக்கு, கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்' என்று மட்டும் எழுதினார். வேலை பர்மிட் வாங்கினார். நான்கு வருடம் பர்மிட்டில் வேலை செய்த பிறகு, காலக்கெடு இல்லாமல் தங்கும் உரிமை கிடைத்தது. அங்கேயே மனநல மருத்துவமனையில் நர்சாக இருந்த, தமிழ் வம்சாவளி மொரீஷியஸ்காரர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். அத்தானுக்குப் பெயர் தமிழ், பேச்சு கிரியோல்.

எங்கள் சொந்தத்தில் எல்லோரும் "சீமை பிடிச்சுப்போச்சு, அங்கேயே தங்கிட்டா" என்றுதான் பேசினோம். 1980-ல் பெரியப்பா தவறியபோது அக்கா மூன்றாம் நாள்தான் வந்து சேர முடிந்தது. அப்போதும் அப்படித்தான் பேசினோம். நானும் பேசியிருக்கிறேன். இன்று வெட்கமாக இருக்கிறது.

1984 பொங்கலுக்கு அக்கா முதன்முதலாக எங்கள் ஊருக்கு வந்தார். நான் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்: "தம்பி, நீ வாத்தியார்தானே. ஸ்டூடண்ட்டுக்குத் தமிழ்ல என்ன?"

"மாணவர்."

"ப்யூபிலுக்கு?"

"அதுக்கும் மாணவர்தான்க்கா."

அக்கா சிரித்தார். "அங்க அப்படி இல்லைப்பா. மூணு வருஷம் படிக்கிறவதான் ஸ்டூடண்ட் நர்ஸ். ரெண்டு வருஷம் படிக்கிறவ ப்யூபில் நர்ஸ். என் லெட்டர்ல ப்யூபில்னு போட்டிருந்தது. நானும் ரெண்டும் ஒண்ணுன்னுதான் நினைச்சேன். கையெழுத்துப் போட்டேன்." பிறகுதான் மலேசியாவிலிருந்து வந்த அந்தப் பதிலைப் பற்றிச் சொன்னார். எட்டு வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை.

எனக்கு அது ஏன் அப்படிக் குத்தியது தெரியுமா? நானும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்தவன். இடைநிலை ஆசிரியர். பட்டம் படித்து பி.எட். முடித்தவருக்கு வேறு சம்பளம், வேறு மரியாதை. 34 வருடம் அந்த வித்தியாசத்தோடுதான் வேலை பார்த்தேன். கல்யாண வீட்டில் "சின்னக் கிளாஸ் வாத்தியார்தானே" என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே அது என்ன படிப்பு, எவ்வளவு சம்பளம், எதுவரை போகலாம் என்று எனக்குத் தெரியும். வீட்டு நிலைமைக்கு அதுதான் முடிந்தது, தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன். அக்காவுக்கு அது தெரியாது. இரண்டு வருடப் படிப்பு படித்தது தாழ்வே இல்லை. அது இரண்டு வருடப் படிப்புதான் என்று சொல்லாமல் விட்டதுதான் அநியாயம்.

மிச்சக் கதை சுருக்கம். அக்கா இரவு டூட்டியில் பல வருடம் ஒரு முழு வார்டையே பார்த்துக்கொண்டார். சம்பளமும் பதவியும் மட்டும் கீழே. 1980-களின் கடைசியில் அங்கே நர்ஸ் படிப்பையே மாற்றினார்கள். 'ப்ராஜெக்ட் 2000' என்று பெயர். பயிற்சி கல்லூரிகளுக்கு நகர்ந்தது, எஸ்.இ.என். பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே இருந்தவர்கள் மாற்றுப் படிப்பு படித்து முழு நர்ஸ் ஆகலாம் என்றார்கள். அதற்கும் இடம் எளிதில் கிடைக்கவில்லை. அக்கா 1991-ல் சேர்ந்தார். பகலில் படிப்பு, ராத்திரி டூட்டி, வீட்டில் இரண்டு பிள்ளைகள். 1993-ல் முழு நர்ஸ் ஆனார். வயது 39. அவர் மார்க்குக்கு 22 வயதிலேயே கிடைத்திருக்க வேண்டியது. 2014-ல் ஓய்வு பெறும்போது ஒரு வார்டின் சிஸ்டர்.

அக்கா அந்த நாட்டைத் திட்டுவதில்லை. "எனக்கும் சோறு போட்டது, தம்பிகளையும் படிக்க வச்சது. நானும் சும்மா சாப்பிடலை" என்பார். அவர் பேத்தி இப்போது அங்கே டாக்டருக்குப் படிக்கிறாள். அதனால், போகாதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பழைய இரட்டை வழி இன்றும் பல நாடுகளில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டிப்ளமா படித்தால் என்ரோல்டு நர்ஸ், மூன்று வருடப் பட்டம் படித்தால் ரிஜிஸ்டர்டு நர்ஸ். சிங்கப்பூரிலும் இரண்டு வகை. கனடாவில் பிராக்டிகல் நர்ஸ் என்று தனி. இங்கிலாந்திலேயே 2019 முதல் நர்சிங் அசோசியேட் என்று ஒரு புதிய படி வந்திருக்கிறது. நம் நாட்டிலும் ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்ஸி. என்று படிகள் உண்டு. எதுவும் தவறில்லை. எந்தப் படியில் கால் வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும். இன்னொரு பெரிய மாற்றமும் இருக்கிறது. அன்று மாணவிக்கு அவர்கள் படிப்பணம் கொடுத்தார்கள். இன்று மாணவி லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். அக்கா இழந்தது வருடங்கள். இன்று ஏமாந்தால் நிலமும் சேர்ந்து போகும்.

ஆகவே பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

1. இந்தப் படிப்பு முடித்தால் அந்த நாட்டின் நர்சிங் கவுன்சிலில் என் மகள் பெயர் எந்தப் பெயரில் பதிவாகும்? ஏஜென்ட் சொல்வது போதாது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் எந்தக் கல்லூரியின் எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் என்று கவுன்சில்களே இணையதளத்தில் போட்டிருக்கின்றன. அதில் பாருங்கள்.

2. அந்தச் சான்றிதழோடு ஊர் திரும்பினால் இந்திய நர்சிங் கவுன்சில் அதை ஏற்குமா, எந்த நிலையில் ஏற்கும்? திரும்ப மாட்டோம் என்று நினைத்துத்தான் எல்லோரும் போகிறார்கள். கதவு திறந்திருக்க வேண்டும்.

3. படிப்புக்குப் பிறகு தங்குவதற்கான சட்டம் இன்று என்ன? அது மாறினால் என்ன செய்வோம்? 1962, 1973 என்று இரண்டு தடவை மாறியதைப் பார்த்தீர்கள். படிக்கும்போதே சட்டம் மாறலாம்.

4. இங்கேயே நான்கு வருடம் பி.எஸ்ஸி. நர்சிங் படித்து, இரண்டு வருடம் வேலை பார்த்து, அந்த நாட்டுத் தேர்வு எழுதிப் போனால் செலவு எவ்வளவு குறையும்?

என் மாணவர் அந்தக் கன்சல்டன்சி நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். 'நர்ஸ்', 'நர்சிங்' என்ற சொல் ஏழு இடத்தில் இருந்தது. கவுன்சில் பதிவு பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், முதியோர் பராமரிப்பு உதவியாளர் சான்றிதழ் என்று இருந்தது. அதுவும் கௌரவமான வேலைதான். ஆனால் அந்தப் பெண் நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள்.

நேற்று ராத்திரி அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். 70 வயது தாண்டிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. "அந்தப் புள்ளைய என்கிட்ட பேசச் சொல்லுப்பா. போகட்டும், வேணாம்னு சொல்லாதே. பேப்பரை முழுசாப் படிச்சிட்டுப் போகட்டும்" என்றார். அந்தப் பெண்ணுக்கு அக்கா நம்பரைக் கொடுத்திருக்கிறேன். இன்று மாலை பேசுகிறாள்.

நம் பள்ளியில் படித்து இப்போது வெளிநாட்டில் நர்சாக இருப்பவர்கள் நான்கைந்து பேர் இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். நீங்கள் எந்தப் படிப்பு படித்தீர்கள், எந்தப் பெயரில் பதிவானீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்று கீழே எழுதுங்கள். தமிழில் எழுதினால் பெற்றோர்களுக்கும் புரியும். எழுத்துப்பிழை இருந்தாலும் இந்த ஒருமுறை சிவப்பு மை போட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்